பதினெட்டு கியர் வாகனம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஹோட்டலுக்கு ஒரு தம்பி தோசை சாப்பிட வந்தார். இங்கே வங்காளத்தில், சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் வேலை, சொந்த ஊர் ஈரோடு பக்கம். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் உட்கார்ந்தார். இருந்தும் நான் சாம்பார் ஊற்றக் குனிந்தபோது அந்தக் கையிலிருந்து மண்ணெண்ணெயும் கிரீஸும் கலந்த வாசனை வந்தது. எனக்கு அது தாழம்பூ மாதிரி. சாம்பாரைச் சட்னிக்குள் ஊற்றிவிட்டேன்.

கேட்காமலே சொன்னார். பழைய இரும்பு மவுன்டன் சைக்கிள் ஒன்றை வாங்கிப் பிரித்துப் போட்டிருக்கிறாராம். இப்போது அதற்கெல்லாம் மவுசாம். செல்போனில் படம் காட்டினார். பிறகு சுவரோரம் நிற்கும் என் சைக்கிளைப் பார்த்தார். பாதித் தோசையை விட்டு எழுந்து போய், அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“எப்படிங்ணா இவ்ளோ சுத்தமா வெச்சிருக்கீங்க? வருசத்துக்கு எத்தனை தடவை கழட்டுவீங்க?”

“ஒரு தடவை” என்றேன். ஏன் என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்து உள்ளே போய்விட்டேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. எழுத்து என்றால் கொஞ்சம் பரவாயில்லை, நீங்கள் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை.

அது இருபது வருஷத்துக்கு முந்தைய கதை. சால்ட் லேக் சர்க்கார் குடியிருப்பு ஒன்றில் ஒரு விசேஷத்துக்கு இட்லி கொண்டு போயிருந்தேன். மாடிப்படிக்குக் கீழே இந்தச் சைக்கிள் ஒட்டடை பிடித்துக் கிடந்தது. மகன் வெளிநாடு போய்விட்டான், எடுத்துக்கொண்டு போனால் இடம் காலியாகும் என்றார் அந்த வீட்டம்மா. இரண்டு டயரிலும் காற்று இல்லை. காற்றடித்துத் தரச் சொல்லிக் கேட்கக் கூச்சப்பட்டு, சால்ட் லேக்கிலிருந்து ஊரின் மறுகோடியில் நான் குடியிருக்கும் பெஹாலா வரை தள்ளிக்கொண்டே வந்தேன். வழியில் ஏழெட்டு சைக்கிள் கடை இருந்தது. ஒவ்வொன்றையும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கடந்தேன்.

சட்டத்தில் பனிமலைப் படம் ஒட்டியிருந்தது. மலை ஏறுவதற்கென்றே செய்த சைக்கிள், பதினெட்டு கியர். இந்த ஊரில் மலைக்கு எங்கே போவது? டாக்குரியா பாலம்தான் எங்கள் மலை. அதில் ஏற இரண்டு கியர் போதும். மீதிப் பதினாறும் இன்றுவரை வேலை இல்லாமல் இருக்கின்றன.

பிரித்துப் பார்த்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது. யாரும் பெருமைப்பட்டுச் செய்த பொருள் இல்லை அது. லட்சக்கணக்கில் தட்டி அனுப்பியதில் ஒன்று. பற்றவைத்த இடமெல்லாம் மெழுகுவர்த்தி உருகி வழிந்தது போலத் தடித்திருக்கும். தூக்கினால் இடுப்பு பிடிக்கும். ஆனால் அந்த இரும்பு வளைந்தால் நிமிரும், துருப்பிடித்தால் உப்புத்தாளுக்கு வழிவிடும். நான் ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். என்னிடம் இருந்தது இரண்டு ஸ்பேனரும் ஒரு பழைய பனியனும்தான். என்னைப் போன்றவனை நம்பியே அதைச் செய்திருக்கிறார்கள் என்று தோன்றியது. சரிசெய்து முடிக்க ஒரு வருஷம் ஆயிற்று. பெடல் பெட்டியில் உருளும் குண்டுகளை ஊறுகாய் ஜாடியில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்திருந்தேன். நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரம்மா ஒருநாள் அதைத் திறந்து முகர்ந்துவிட்டு, மதராஸிகள் எதைத்தான் தின்பார்களோ என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

கடைசியில் கிளிப்பச்சை பெயின்ட் அடித்து நிறுத்தினேன். பிறந்ததிலிருந்து நான் முழுதாகச் செய்து முடித்த காரியம் அது ஒன்றுதான். இரண்டு நாள் ஏறாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மூன்றாம் நாள் மொண்ட்டு-தா வந்தார். எங்கள் தெருமுனை ரிக்‌ஷா ஸ்டாண்டின் செயலாளர். நான் அவரை அண்ணன் என்ற அர்த்தத்தில் ‘தா’ போட்டுக் கூப்பிடுவேன். அவர் என்னை ‘அண்ணா’ என்பார். யார் மூத்தவர் என்பது கடைசி வரை முடிவாகவில்லை.

மறுநாள் விஸ்வகர்மா பூஜை. இங்கே ரிக்‌ஷாக்காரர், மெக்கானிக் எல்லோருக்கும் அதுதான் பெரிய நாள். களிமண் சாமி யானைமேல் உட்கார்ந்திருப்பார். அந்த வருஷம் சாமியையும் யானையையும் தனித்தனியாகச் செய்து வண்டியில் ஏற்றி வந்தார்கள். வழியில் மழை. தார்ப்பாய் சாமிக்கு மட்டும்தான் எட்டியது. யானை தும்பிக்கையிலிருந்து கரைய ஆரம்பித்து, வந்து சேர்ந்தபோது பன்றி அளவுக்கு ஆகியிருந்தது.

மொண்ட்டு-தா என் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தார். “அண்ணா, ஒரே ஒரு நாள்” என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்பதற்காகத் தலையை அசைத்தேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, ஸ்டாண்டுக்காரர்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

சாமியைச் சீட்டில் உட்கார்த்தி, பாதத்தைப் பெடலோடு சணல் வைத்துக் கட்டி, மேலே களிமண் பூசினார்கள். விழாமலிருக்கச் சட்டத்துக்குள் மூங்கிலைச் செருகினார்கள். நாலு கையில் ஒன்று ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தது. பூஜைக்கு வந்த புரோகிதர் நெடுநேரம் பார்த்தார். யானை எங்கே என்றார்.

“இதுல பதினெட்டு கியர் இருக்கு தாகுர்மஷாய்” என்றார் மொண்ட்டு-தா. “யானைல எத்தனை இருக்கு?”

புரோகிதர் மந்திரத்தை ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் கரைக்கப் போகும்போதுதான் சிக்கல் புரிந்தது. மண் காய்ந்து இறுகிவிட்டது. சைக்கிளைப் பிரித்தால் சாமியின் கால் உடையும். கால் உடைந்த சாமியை வழியனுப்ப முடியாது என்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். அதையும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். கொட்டு முழங்க மூன்று சுற்றுச் சுற்றிக் குளத்தில் தள்ளினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். தண்ணீர் மேலே மூடும்போது சைக்கிள் மணி ஒரு தடவை அடித்தது.

மறுநாள் குளத்தைச் சுற்றிக்கொண்டு ஹோட்டலுக்குப் போனேன். மாவு அரைக்கத் தாமதம். முதலாளி அண்ணாச்சி காரணம் கேட்டார். சொன்னேன். சைக்கிளைத் திருப்பிக் கேட்கலாமா என்றும் கேட்டேன். அவர் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்து, கண்ணைத் துடைத்து, மறுபடி சிரித்தார்.

“சாமி வாகனத்தத் திருப்பிக் கேக்கணும்னு நிக்கவன் இந்த ஒலகத்துலயே நீ ஒருத்தன்தாம்ல” என்றார். பிறகு கொஞ்சம் இறங்கி, “கேட்டுத்தான் பாரேன். வாயத் தொறந்தா ஈயா நொழஞ்சிரும்?”

சாயங்காலம் குளக்கரையில் நின்றேன். இரண்டு பேர் தண்ணீரில் இறங்கி, சைக்கிளை அடிச்சேற்றிலேயே விட்டுவிட்டு, மண் கரைந்து போன சாமியின் கூட்டை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மூங்கிலும் வைக்கோலும் கட்டிய எலும்புக்கூடு அது. அதற்குக் காட்டாமோ என்று பெயர். மண்ணோடு சாமி போய்விடுவார், காட்டாமோவைக் கரையேற்றி அடுத்த வருஷச் சாமிக்கு வைத்துக்கொள்வார்கள். எத்தனையோ வருஷம் பார்த்ததுதான். அன்றைக்குத்தான் என் தலைக்குள் ஏதோ உருண்டது.

ஸ்டாண்டில் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனதை, என் ஓட்டை வங்காளியில், கேரம் போர்டைப் பார்த்தபடியே சொன்னேன்.

“சாமி போயிட்டார். மண்ணும் போயிட்டுது. காட்டாமோ போறது இல்லையே. என் சைக்கிள் காட்டாமோ.”

என் வாழ்க்கையில் நான் பொதுவில் பேசியது அவ்வளவுதான். ஸ்ட்ரைக்கர் நின்றுவிட்டது. வாகனம் எப்படிக் காட்டாமோ ஆகும் என்றார் ஒருவர். யானையாக இருந்தால் அதன் வைக்கோலை எடுத்திருப்போமா இல்லையா என்றார் இன்னொருவர். டீ வந்தது. புரோகிதரைக் கூட்டி வந்தார்கள். அவர் சைக்கிள் என்ற சொல்லைக் கேட்டதுமே கையெடுத்துக் கும்பிட்டு, உங்கள் இஷ்டம் என்று போய்விட்டார். கடைசியில் மொண்ட்டு-தா எழுந்து என் தோளில் கை வைத்தார்.

“அண்ணா சொல்றது சரி. அது காட்டாமோதான்.”

கழுத்தளவு சேற்றில் நானே இறங்கி எடுத்தேன். சக்கரம் கோணியிருந்தது. பெயின்ட் பாதிக்கு மேல் போயிருந்தது. சட்டம் ஒரு நூல்கூட வளையவில்லை. சீட்டுக் கம்பியை உருவியபோது குழாய்க்குள்ளிருந்து ஒரு கெண்டைக்குஞ்சு குதித்தது. மறுபடி முழுதாகப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, பெயின்ட் அடித்து, எங்கள் ஆயுத பூஜைக்குள் நிறுத்திவிட்டேன். அண்ணாச்சி அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். வைக்கும்போதும் சிரித்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த வருஷம் பூஜைக்கு முதல் நாள் மொண்ட்டு-தா வாசலில் நின்றார்.

“அண்ணா, காட்டாமோ குடுங்க.”

என்ன சொல்ல முடியும்? நானே பேசி ஜெயித்த வழக்கு. காட்டாமோ என்றால் ஒவ்வொரு வருஷமும் அதேதான் வர வேண்டும். அப்படிப் பதினொரு வருஷம் போயிற்று. புரட்டாசி பிறக்கும்போது குளத்துக்குள், நவராத்திரி முடியும்போது சந்தனப் பொட்டோடு. இவர்கள் சாமி ஏறிப் போவார், எங்கள் சாமிக்கு முன்னால் வந்து நிற்கும். பெஹாலாவில் என்னுடையதைவிடச் சுத்தமான பெடல் குண்டுகள் யாரிடமும் இல்லை. அந்தத் தம்பியிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? வருஷம் ஒருமுறை குளத்தில் போட்டால் போதும் என்று சொன்னால், பாவம், போட்டுவிடுவார்.

இப்போது ரிக்‌ஷாக்கள் இல்லை, பேட்டரி வண்டிகள் வந்துவிட்டன. சாமியும் யானையும் ஃபைபரில் செய்தவை. பூஜை முடிந்ததும் துடைத்து ஷெட்டில் வைத்துவிடுகிறார்கள். மொண்ட்டு-தா மகளோடு பெங்களூர் போய்விட்டார். அங்கே மேடும் பள்ளமுமாம், உங்கள் சைக்கிள் இங்கே இருக்க வேண்டியது என்று ஒரு தடவை போன் செய்தார்.

இருந்தாலும் பூஜைக்கு மறுநாள் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குளத்துக்குப் போவேன், திரும்பி வந்து பழையபடி பிரித்துக் கழுவுவேன். குளத்தைத் தூர்த்து நாலு மாடி கட்டியிருக்கிறார்கள், கீழே கார் நிறுத்துமிடம். இந்த வருஷம் இருப்பவர் புது வாட்ச்மேன். என்னையும் சைக்கிளையும் மேலும் கீழும் பார்த்தார்.

“எந்த ஃபிளாட்டுக்கு?”

 கையை நீட்டிக் கீழே காட்டினேன். அவரும் குனிந்து பார்த்தார். சிமென்ட் தரை, மூன்றாம் நம்பர் கார் நிற்கும் இடம், சொட்டு ஈரம் இல்லை. நான் மணியை ஒரு தடவை அடித்துவிட்டு, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.