ரொட்டிக் கல்லில் ஒரு ஸ்டேக்

கல்யாணம் முடித்து மனைவி வீட்டுக்குக் குடிவந்து ஆறு மாதமாகியும் மாமி என்னோடு நேராக ஒரு வார்த்தை கதைத்ததில்லை. கோபம் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கம் பழைய ஆட்களின் வழக்கம் அது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து இருப்பார். மாமியார் அவருக்கு முன்னால் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்லுவா. நான் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருப்பேன். "மாப்பிள்ளைக்கு இன்னம் கொஞ்சம் ஆணம் வேணுமாண்டு கேளு புள்ள" என்று கேட்கும். நான் வாயைத் திறக்க முன்னமே மனைவி "வேணாமாம் உம்மா" என்பாள். எனக்கு அந்தக் கறி வேண்டும்தான்.

என் படிப்பு வேறு இதைக் கூட்டிவிட்டது. வாப்பா மூன்றாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். எங்கள் குடும்பத்தில் கெம்பஸ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். இப்போது விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். "படிச்ச மாப்பிள்ள" என்று மாமி எனக்குச் சாப்பிடத் தனிப் பீங்கானே வாங்கி வைத்திருந்தா. எங்கள் வீட்டில் என் உம்மா நாளைக்குப் பத்துத் தடவை ஏசுவா. ஈரத் துவாயைக் கட்டிலில் போட்டால் அதற்கொரு ஏச்சு, சோற்றில் மிச்சம் வைத்தால் இன்னொன்று. இங்கேயும் ஒருநாள் வேண்டுமென்றே ஈரத் துவாயைக் கட்டிலில் போட்டுப் பார்த்தேன். மாமி சத்தமில்லாமல் எடுத்துக் காயப்போட்டா. அன்றைக்கு எனக்கு அழுகை வராத குறை. ஆறு மாதமாக ஒரு வீட்டில் விருந்தாளியாக இருந்து பாருங்கள், தெரியும்.

ஒரு ராத்திரிச் சாப்பாட்டில் வாய் சும்மா இராமல், கெம்பஸ் லீவில் அறுகம்பேக் கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை செய்த கதையை எடுத்தேன். வெள்ளைக்காரருக்கு ஸ்டேக் போட்டுக் கொடுத்திருக்கிறேன் என்றேன்.

"அதென்ன சாமான்?" என்றார் மாமா.

"மாட்டிறைச்சிதான் மாமா. துண்டு போடாம, முழுசா, கல்லுல வாட்டுற."

"எங்களுக்கும் ஒரு நாளைக்குச் செஞ்சு தாங்களன்."

கதவோரம் நின்ற மாமி மகளிடம், "மாப்பிள்ள குசினிக்க வாறதா? ஆக்கள் என்ன சொல்லும்?" என்றா. மாமா விடவில்லை. நானும் விடவில்லை. குசினிக்குள் நுழைந்துவிட்டால் மாமி எத்தனை நாளைக்குத்தான் மகள் வழியாகக் கதைக்க முடியும்? அடுப்படியில் இரண்டு பேர் நின்றால் 'தள்ளுங்க' என்றாவது சொல்லத்தானே வேண்டும். அந்த ஒரு சொல் போதும் எனக்கு.

முதலில் குறித்த நாள் பௌர்ணமிப் போயா விடுமுறையாகப் போய்விட்டது. இறைச்சிக் கடையெல்லாம் பூட்டு. அடுத்த ஞாயிறு காலையிலேயே போய் நின்றேன்.

"வாங்க சேர், கறிக்கா?"

"முதுகெலும்புக்கு உள்பக்கமா ஒட்டிக் கிடக்கிற சதை இரிக்கே, அதுல..." சொல்லி முடிக்கவில்லை, கத்தி இரண்டு தரம் விழுந்துவிட்டது. அந்தக் கடைக்கார மனிசனின் கைக்குச் சின்னத் துண்டுதான் தெரியும்.

"வெட்டாதீங்க, வெட்டாதீங்க! ரெண்டு விரல் மொத்தத்துக்கு வேணும்."

"அவ்வளவு மொத்தமா? பல்லுக்கு ஒண்டும் பகை இல்லையே சேர்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நாலு துண்டு நல்லபடி கிடைத்தது.

குசினியில் மனைவிக்குப் பக்கத்தில் மாமி எனக்கு முன்னமே சட்டியோடு நின்றா. கழுவத்தான். எங்கள் வீடுகளில் இறைச்சியை மூன்று தண்ணீர் மாற்றி, கடைசித் தண்ணீர் கண்ணாடி மாதிரி வரும் வரைக்கும் கழுவ வேண்டும். ஸ்டேக்குக்கோ ஈரம்தான் எதிரி. ஈரம் இருந்தால் அது வாடாது, அவியும். சண்டை வேண்டாமென்று ஒரு தரம் அலசிவிட்டு வெள்ளைத் துணியால் ஒற்றினேன். துணி சிவந்தது.

"ரெத்தம் போகல்ல எண்டு சொல்லு புள்ள."

"இது ரெத்தமில்ல மாமி" என்று வகுப்பில் சொல்வது போல ஆரம்பித்தேன். "ஓடுற ரெத்தம் அறுக்கக்கையே போயிரும். இது தசையில இரிக்கிற ஒரு புரதம். அதுட நிறம்தான் சிவப்பு."

மாமி மகளைப் பார்த்தா. "ஓமாம் எண்டு சொல்லு."

இதுதான் என் பிரச்சினை. படிச்ச மாப்பிள்ளைக்கு மறுத்துச் சொல்ல அந்த வீட்டில் ஆளில்லை.

உப்பும் மிளகும் தடவி, இரும்பு ரொட்டிக் கல்லைப் புகை எழும்பும் வரை காயவிட்டேன். இறைச்சியை வைத்ததும் சீறின சீற்றத்தில் மாமா முன் விறாந்தையில் இருந்து, "ஆரு கா அடுப்புக்க விழுந்த?" என்று கத்தினார். பக்கத்துக்கு மூன்று நிமிடம். பட்டர், நசுக்கின வெள்ளைப்பூடு. கரையெல்லாம் கருஞ்சிவப்பாகப் பொருக்கு வைத்து வந்தது. அறுகம்பேயில்கூட இவ்வளவு நல்லதாக எனக்கு அமைந்ததில்லை.

இனி ஆறவிட வேண்டும். உடனே வெட்டினால் சாறெல்லாம் ஓடிவிடும். தட்டில் எடுத்து வைத்து மூடவும் மத்தியான லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லவும் சரியாக இருந்தது. "பத்து நிமிசம் ஒருத்தரும் தொட வேணா" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு மாமாவோடு பள்ளிக்குப் போனேன். அவள் அதை மாமியிடம் சொல்லாமலே தொழுகைக்குக் கைகால் கழுவி வுளூ எடுக்கப் போய்விட்டாள் என்று பிறகுதான் தெரியும்.

திரும்பி வரும்போது ஒழுங்கை முனையிலேயே வாசம் அடித்தது. மல்லி, கறுவா, ரம்பை இலை. என் ஸ்டேக்கில் இவை ஒன்றும் கிடையாது. குசினிக்கு ஓடினேன். தட்டு காலி. அடுப்பில் பிறஷர் குக்கர் விசிலடித்துக்கொண்டிருந்தது.

"மாமி, அந்த இறைச்சி..."

மாமி அகப்பையோடு திரும்பினா. முக்காடு தோளில் கிடந்தது.

"என்னத்த இறைச்சி? மூடியத் தொறந்தா தட்டெல்லாம் செவப்புத் தண்ணி! உள்ளுக்குப் பச்சை! அரைவாசியில போட்டுட்டு ஓடுறதா பள்ளிக்கு? சமைக்கத் தெரியாட்டித் தெரியாண்டு சொல்லோணும். மாமாட பல்லு என்னத்துக்காகும்? நான் பாத்ததால ஒங்கட மானம் தப்பிச்சு!"

மூச்சு வாங்க நிறுத்தினா. மகள் அங்கே இல்லை. எல்லாம் எனக்கேதான். அதை மாமியும் அப்போதுதான் கண்டிருக்க வேண்டும். கை முக்காட்டுக்குப் போய், பாதியில் நின்று, திரும்ப அகப்பைக்கே வந்துவிட்டது.

நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"என்னத்துக்கு இளிக்கிறீங்க? தள்ளுங்க, சோறு போட."

மாமா வழக்கம்போல மேசைத் தலைமாட்டில். மனைவி என் காதில், "உம்மா குக்கர்ல போட முன்ன நான் ஒரு ஓரத்த வெட்டித் திண்டுட்டன், நல்லாத்தான் இரிந்த" என்றாள். எனக்கு அதுவே போதும். மாமி நேரே வந்து என் சோற்றில் கறியை ஊற்றிவிட்டு நின்றா.

"எப்பிடி?"

மென்றேன். கல்லில் கருகின வாசம் ஆணத்துக்குள் இன்னும் மிச்சமிருந்தது.

"நல்லா இரிக்கி மாமி."

"பொய் சொல்ல வேணா. அவசரத்துல உப்புப் போட மறந்துட்டன்."

"இறைச்சியில நான் போட்ட உப்பு இரிக்கி. ஆணத்துலதான் இல்ல."

மாமாவுக்குச் சிரித்துப் புரையேறியது. மாமி உப்புப் போத்தலை என் பக்கம் தள்ளினா.

"அப்ப போட்டுத் தின்னுங்க. திண்டுட்டு அந்த ரொட்டிக் கல்லையும் கழுவுங்க. கரி புடிச்சுக் கிடக்கு."

அந்தக் கல்லைத் தேங்காய்த் தும்பு போட்டு அரை மணித்தியாலம் உரஞ்சினேன். மாமி இரண்டு தரம் வந்து பார்த்து, இரண்டு தரமும் கரி போகவில்லை என்றா.