பின்னைப் பிடுங்க யாரைக் கேட்கணும்?

உங்கள் வேலைத்தலத்திலும் சுவரில் ஒரு சிவப்பு சிலிண்டர் தொங்குகிறதா? அதில் இப்போது என்ன மாட்டியிருக்கிறது என்று போய்ப் பாருங்கள். எங்கள் பெக்டரியில் நான் பார்த்தபோது ஒன்றில் பெக்டரியை நடத்துகிற டீமேக்கர் ஐயாவின் குடை, இன்னொன்றில் யாருடையதோ சோற்றுப் பை. மூன்றாவது, காற்றுக்குக் கதவு அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. தீயணைக்கிற வேலையில் பாதி, நெருப்பே இல்லாத நாளில் ஆட்களோடு மல்லுக்கட்டுவதுதான். இதே வேலை பார்க்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எங்களுடையது அப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த என்னை, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். பரீட்சை வரைக்கும் படித்தவள், தொண்டையும் பெரிசு என்று சொல்லி பெக்டரியின் தீப் பாதுகாப்புக்குப் போட்டார்கள். பதுளையில் இரண்டு நாள் பயிற்சி. அப்புறம் மூன்று மாதம் செய்து காட்ட வேண்டும். மூன்றாம் மாத முடிவில் தேயிலை வாங்குகிற கம்பெனியிலிருந்து பரிசோதிக்க வருவார்கள். யாராவது ஒரு ஆளைக் கூப்பிட்டு, நெருப்புப் பிடித்தால் என்ன செய்வாய் என்று கேட்பார்கள். அவர் சரியாகச் செய்தால் வேலை எனக்கு, இல்லாவிட்டால் மறுபடி கொழுந்தெடுக்க மலைக்கு. மலைக்குப் போக எனக்கு ஒன்றும் வெட்கமில்லை. ஆனால் பெக்டரியில் விறகு அடுக்கியிருக்கிற சுவருக்கு அந்தப் பக்கம்தான் பிள்ளைக்காம்பரா. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை அங்கேதான் விடுவோம். இரண்டரை வயதில் என் மகளும் அங்கேதான் இருக்கிறாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

சாமியான சிலிண்டர்கள்

முதல் வாரம் எட்டு சிலிண்டரையும் இறக்கித் துடைத்து, தலையில் இருக்கிற சின்ன வட்டக் கண்ணாடிக்குள் முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்த்து மாட்டினேன். மறுநாள் ஆயுத பூஜை. காலையில் போனால் கொழுந்து அரைக்கிற ரோலருக்கு மாலை, அதைக் காயவைக்கிற ட்ரையருக்கு மாலை, தராசுக்குச் சந்தனப் பொட்டு. என் எட்டுப் பேருக்கும் அதே மரியாதை. விபூதிப் பட்டை சரியாக அந்தக் கண்ணாடியின் மேலேயே விழுந்திருந்தது. மாலையை நைலோன் கயிற்றால், பிடியைப் பூட்டி வைத்திருக்கிற பின்னோடு சேர்த்து மூன்று முடிச்சுப் போட்டிருந்தார்கள். ஒன்றின் முன்னால் சூடம் எரிந்துகொண்டிருந்தது. தீயணைக்கிற சிலிண்டருக்கு நெருப்பைக் காட்டிக் கும்பிட்டவர்கள் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம்.

எல்லாம் காளிமுத்து அண்ணன் வேலை. ட்ரையர் அடுப்புக்கு விறகு போடுகிறவர் அவர். "அண்ணே, நெருப்புப் பிடிச்சா முடிச்சை அவுத்துக்கிட்டு நிப்பீங்களா?" என்றேன். அவர் சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சொன்னார்: "பூசைல போட்ட மாலைய மூணு நாளைக்குத் தொடக் கூடாது தங்கச்சி. அதுவரைக்கும் நெருப்பும் பொறுத்துக்கும்."

காலைத் தட்டுங்க

முற்றத்தில் பாதியாக வெட்டிய ட்ரம்மில் பழைய சாக்கும் விறகும் போட்டுக் கொளுத்தி எல்லோரையும் வரிசையாக நிறுத்தினேன். "ஏழெட்டு அடி தள்ளி நில்லுங்க, பின்னைப் பிடுங்குங்க, குழாயை நெருப்போட அடிக்குக் காட்டி, பிடியை அமுக்கி, கூட்டுற மாதிரி இப்படியும் அப்படியும் அடிங்க" என்று தொண்டை வறளச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டிவிட்டு நெருப்பின் உச்சியைப் பார்த்தே அடித்தார்கள். நெருப்பு பவுடர் பூசிக்கொண்டு மறுபடி எழுந்து நின்றது. "தலையில அடிக்காதீங்க, காலுல அடிங்க" என்று கத்தினேன். தேயிலை சலிக்கிற செல்லம்மா அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். ஒரே வீச்சில் அணைத்தும் விட்டார். சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னது இது: "எங்க வீட்டுக்காரரு குடிச்சிட்டு ஆடுறப்பவும் இதே கததான். காலத் தட்டிவிட்டா தன்னால உக்காந்துருவாரு."

காற்று திரும்பியபோது

காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி நிற்க வேண்டும் என்று பதுளையில் சொல்லித்தந்தார்கள். எங்கள் ஊர்க் காற்றுக்கு முதுகு எது, முகம் எது என்று அங்கே யாருக்குத் தெரியும்? அடுத்த ஆள் பிடியை அமுக்கியதும் காற்று திரும்பிவிட்டது. ட்ரம்மில் இருந்த நெருப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. வேடிக்கை பார்க்க வந்திருந்த சின்னத்துரை மீது மொத்தப் பவுடரும் கொட்டியது. உதவி மேனேஜராக வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, பாவம். தலை, மீசை, காற்சட்டை, சப்பாத்து எல்லாம் மாவு. யாரும் சிரிக்கவில்லை, எல்லோரும் தரையைப் பார்த்தோம். அவருக்குத் தமிழ் விளங்காது என்ற தைரியத்தில் செல்லம்மா அக்கா மட்டும் வாயைத் திறந்தார். விளங்கும் என்பது சின்னத்துரையின் காது சிவந்தபோதுதான் தெரிந்தது. அக்கா சொன்னது: "இப்பதான்டி இவரு அசல் வெள்ளக்காரத் தொர மாதிரி இருக்காரு."

கொம்பைப் பிடித்தவர்

கரண்டுப் பெட்டியில் நெருப்பென்றால் தண்ணீர் ஆகாது, கரியமில வாயு சிலிண்டர்தான். அதன் வாயில் கறுப்பாகக் கொம்பு மாதிரி ஒன்று இருக்கும். வாயு வரும்போது அது ஐஸாகிவிடும், கையால் தொடக் கூடாது என்று மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் எலக்ட்ரீசியன் ரவி, "எனக்குத் தெரியும்க்கா" என்றார். பிறகு அந்தக் கொம்பையே பிடித்தார். நாலு விரலும் மரத்துப்போய், கையைக் கம்கட்டுக்குள் வைத்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றி இரண்டு சுற்று ஓடிவிட்டு வந்து என்னையே முறைத்தார்: "உள்ளுக்கு என்ன, நுவரெலியாக் குளிரயா அடைச்சு வச்சிருக்கீங்க?"

கொக்கி மட்டும் இருந்தது

இதுவரைக்கும் சிரித்தோம். மூன்றாம் மாதம் ஒரு மத்தியானம், பிள்ளைக்காம்பராவில் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது புகை மணத்தது. விறகுப் புகை எங்களுக்குப் பழக்கம், இது சாக்குப் புகை. சோற்றுக் கையோடு ஓடினேன். ட்ரையர் அடுப்பிலிருந்து தெறித்த தணல், விறகோரம் கிடந்த சாக்குக் குவியலில் விழுந்து முழங்கால் உயரத்துக்கு எரிந்துகொண்டிருந்தது. சுவரில் கொக்கி மட்டும் இருந்தது, சிலிண்டரைக் காணோம். காளிமுத்து அண்ணனையும் காணோம். ரோலர் பக்கம் ஓடி இன்னொன்றைத் தூக்கி வந்து, தப்பி ஓட வழியாகக் கதவை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அடித்தேன். அணைந்த பிறகும் சாக்கைக் கிளறிக் கிளறித் தண்ணீர் ஊற்றினேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஆயா பாடுவதும் பிள்ளைகள் கைதட்டுவதும் கேட்டது.

அப்போதுதான் காளிமுத்து அண்ணன் மூச்சிரைக்க வந்தார். காணாமல்போன சிலிண்டர் அவர் இடுப்பில் குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தது. பின்னைப் பிடுங்கலாமா என்று கேட்க டீமேக்கர் ஐயாவிடம் போயிருக்கிறார். ஐயா, சின்னத்துரையைக் கேட்க வேண்டும் என்றிருக்கிறார். சின்னத்துரை மலையில், போனுக்கு லைன் இல்லை. சரி, பெரிய துரை பங்களாவுக்கே போவோம் என்று மேட்டில் ஏறியவர், பாதியில் திரும்பிப் பார்த்துப் புகை அடங்கியதைக் கண்டு இறங்கி வந்திருக்கிறார். திட்டத்தான் வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. லீவுக்கும் கேட்டு, விறகுக்கும் கேட்டு, சாவு வீட்டுக்குப் போகவும் கேட்டே பழகின மனிதர். என்னையே கேட்டார்: "தோட்டத்துச் சாமான உத்தரவு இல்லாம ஒடைக்கலாமாம்மா? நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

பெரட்டில் சொன்னது

அன்று மாலையே பெரிய துரையிடம் போனேன். "நெருப்பை அணைக்க யாராவது உத்தரவு கேப்பாங்களா?" என்று சிரித்தார். "கேட்டாங்க தொர. பாதி மேடு ஏறியும் வந்தாங்க" என்றேன். சிரிப்பு நின்றது. மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டில் அவரே வந்து நின்று, நெருப்பென்றால் யாரையும் கேட்கத் தேவையில்லை, பின்னில் இருக்கிற சீல் முத்திரையை உடைத்து அடியுங்கள் என்று அறிவித்தார். கூட்டத்துக்குள்ளிருந்து செல்லம்மா அக்காவின் குரல் வந்தது: "சிலிண்டர மட்டுமா தொர, இல்ல வேற எதையும் ஒடைக்கலாமா?"

கொழும்பிலிருந்து வந்த அம்மா

பரிசோதிக்க வந்த அம்மா தமிழில்தான் பேசினார். செல்லம்மா அக்காவைத்தான் நான் முன்வரிசையில் கண்ணில் படும்படி நிறுத்தியிருந்தேன். அந்த அம்மா அவரைத் தாண்டி, விறகுக்குப் பின்னால் ஒதுங்கி நின்ற காளிமுத்து அண்ணனைக் கூப்பிட்டார். நெருப்புப் பிடித்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். அண்ணன் "நெருப்பு, நெருப்பு" என்று குரல் கொடுத்தார். ரவியை மணியடிக்க அனுப்பினார். கதவு எங்கே என்று பார்த்துக்கொண்டு நின்று, பின்னைப் பிடுங்கி, காலைக் குறிவைத்து, கூட்டுகிற மாதிரி அடித்தார். நான் மூச்சு விட்டேன். "முதல்ல யாரையும் கேக்கணுமா?" என்றார் அந்த அம்மா. காளிமுத்து அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "வேணாங்கம்மா. கேக்க வேணாம்னு தொர உத்தரவு குடுத்திருக்காரு."

வேலை எனக்கே கிடைத்துவிட்டது. ஆக, மூன்று மாதத்தில் நெருப்பை அணைக்க எல்லோரும் பழகிவிட்டார்கள், கேட்காமல் அணைக்கத்தான் இன்னும் கேட்க வேண்டியிருக்கிறது. அன்று மகளைத் தூக்கிக்கொண்டு லயத்து வீட்டுக்குக் கிளம்பியபோது காளிமுத்து அண்ணன் பின்னாலேயே வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தங்கச்சி, இந்தத் தொர மாறிப் போயிட்டா புதுசா வர்றவருக்கு இது தெரியாதே. ஒரு கடதாசித் துண்டுல எழுதி, இவருகிட்ட கையெழுத்து வாங்கி, சிலிண்டருக்குப் பக்கத்துல ஒட்டிக் குடுத்துரும்மா."