அம்மா அரை மணித்தியாலம் உட்கார வேண்டும்

போன கிழமை ஆரணி அயர்லாந்திலிருந்து ஒரு படம் அனுப்பினாள். பிள்ளையின் முகமாக இருக்கும் என்று கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தால், யாரோ வீட்டு ஃபிரிட்ஜின் கதவு. அதில் காந்தத்தால் ஒட்டிய ஒரு தாள். யன்னலோடு தனி அறை, இத்தனை மணி வேலை, சாப்பாடு குடும்பத்தோடு ஒரே மேசையில் என்று வரிசையாக விதிகள். கீழே, "அம்மா, இதைப் பாக்க ஆரின்ரை ஞாபகம் வருது?" என்று எழுதியிருந்தாள்.

அந்த நேரம் நான் அவளுடைய நீலச் சட்டையை அயன் பண்ணிக்கொண்டிருந்தேன். பிள்ளை இல்லாத வீட்டில் பிள்ளையின் சட்டைக்கு என்ன அவசரம் என்று நீங்கள் கேட்பீர்கள். பிறகு சொல்கிறேன். சூடேறிய பருத்தித் துணியின் மணமும் அந்தப் படமும் ஒன்றாகச் சேர்ந்ததில் என்னை அறியாமல் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆரணிக்குப் பத்தொன்பது வயது. பள்ளிக்கூடம் முடித்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்கு முன் ஒரு வருடம் ஓப்பேராகப் போகிறேன் என்றாள். அந்நிய நாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கி, அவர்களுடைய பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, அந்த ஊர் மொழியைப் படிக்கிறவர்களுக்கு அப்படிப் பெயர். எங்கள் வீட்டில் ஒரு முட்டை பொரிக்காதவள். அதில் அவள் பிழை ஒன்றுமில்லை. அவள் சட்டியை எடுக்க முன்னம் நான் பறித்துவிடுவேன். இது எனக்குப் பழைய வருத்தம், தீராத நோய். இந்த வருத்தத்தால் ஒருமுறை ஒரு பெண்ணின் படிப்பே கெட்டிருக்கும்.

பதினைந்து வருடத்துக்கு முன்னம், சுவிஸில் இதே வின்டர்தூரில், நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. இவர் ஒரு கன்ரீன் குசினியில் சமையல். நாலு வயது ஆரணிக்குப் பகல் பராமரிப்பு நிலையத்தில் இடம் கிடைக்கவில்லை. கூட வேலை செய்தவள் ஒருத்திதான் ஓப்பேர் எடுக்கச் சொன்னாள். வீட்டில் வந்து சொன்னால் இவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"வெள்ளைக்காரப் பிள்ளையை நாங்கள் வீட்டு வேலைக்கு வைக்கிறதோ? சனம் சிரிக்கும்."

"வேலைக்காரி இல்லையப்பா. குடும்பத்திலை ஒராளாம். அப்பிடித்தான் சட்டம்."

"குடும்பத்திலை ஒராளெண்டா என்ன பாடெண்டு அந்தப் பிள்ளைக்கு முதலே சொல்லிப்போடும். நான் பத்து வருசமா ஒராளா இருக்கிறன்."

ஆட்களை ஒழுங்கு செய்யும் நிறுவனத்திலிருந்து திருமதி மயர் என்றொரு அம்மா வந்தார். மெலிந்த, நிமிர்ந்த, சப்பாத்தை வாசலில் நேராக வைக்கிற ஆள். ஒரு மஞ்சள் தாளைத் தந்து ஒவ்வொரு விதியாக வாசித்தார். கிழமைக்கு முப்பது மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. செய்த மணித்தியாலங்களை எழுதி மாதாமாதம் அனுப்ப வேண்டும். தனி அறை, யன்னல், கதவுக்குப் பூட்டுத் திறப்பு. வீட்டில் எல்லோரும் ஜெர்மன் பேச வேண்டும், ஏனென்றால் பிள்ளை வருவது மொழி படிக்க. எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டினேன். ஐந்தாம் வகுப்பில்கூட நான் இவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்ததில்லை.

வீட்டில் இருந்தது இரண்டு படுக்கையறை. எங்களுடையதைக் கொடுத்தோம். இவர் சோபாவுக்கும் நான் ஆரணியின் கட்டிலுக்கும் போனோம். திறப்பைக் கொடுத்த பிறகுதான் என் சேலைகள் எல்லாம் அந்த அறை அலுமாரியில் இருப்பது நினைவுக்கு வந்தது. அந்த வருடம் முழுக்கக் கலியாண வீடுகளுக்குப் போகும் முன் என்னுடைய அறைக் கதவைத் தட்டி அனுமதி கேட்டுச் சேலை எடுத்தேன்.

வந்தவள் ஜோர்ஜியா நாட்டுப் பெண். பெயர் தாமுனா. அவளுக்கும் பத்தொன்பது. ஜெர்மன் சோதனையில் சித்தியடைந்தால் ஜெர்மனியில் தாதிப் படிப்புக்கு இடம் தருவதாக ஒரு பாடசாலை கடிதம் கொடுத்திருந்தது. அந்தக் கடிதத்தைக் கட்டில் தலைமாட்டில் ஒட்டி வைத்திருந்தாள், நாங்கள் சாமிப் படம் வைப்பதுபோல.

முதல் நாள் சாப்பாட்டு மேசையிலேயே குழப்பம். நான் வழக்கம்போல நின்று பரிமாறினேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, இதுதான் இந்த வீட்டு முறை என்று நினைத்துத் தானும் எழுந்து நின்றாள். விருந்தாளி நிற்க நான் எப்படி உட்காருவது? இரண்டு பெண்கள் இரண்டு பக்கமும் காவல் நிற்க, நடுவில் இவர் தலை குனிந்து புட்டைப் பிசைந்துகொண்டிருந்தார். "நான் குசினிக்கை போய்ச் சாப்பிடட்டோ?" என்று மெல்லக் கேட்டார்.

மொழி விதியும் எங்களைப் படுத்தியது. எங்கள் இருவருக்கும் ஜெர்மன் வேலைத்தலத்தில் வந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் "மெதுவாக எழும்புவோமா, எங்கேயாவது வலிக்கிறதா, மாத்திரை போட்டாயிற்றா" வகை. இவருக்குத் தெரிந்தது அடுப்படியில் கத்துகிற ஜெர்மன். ஒருநாள் இவருடைய தமையன் வீட்டுக்குப் போவதா இல்லையா என்று சண்டை. தாமுனா மேசையில் இருந்ததால் அதையும் ஜெர்மனில்தான் பிடிக்கவேண்டும். "இன்றைக்கு நமக்கு மனம் கொஞ்சம் சரியில்லைப் போல இருக்கிறதே" என்று நான் தொடங்கினேன். "ஐந்து நிமிடம், வருகிறது" என்றார் இவர். சண்டை அந்த இடத்திலேயே அவிந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால் எங்கள் கலியாண வாழ்க்கையின் அமைதியான வருடம் அதுதான்.

இனி வேலை விஷயத்துக்கு வருகிறேன். தாமுனா தூசு இழுக்கும் மெசினை எடுத்தால் நான் பாய்ந்து வாங்குவேன். கோப்பை கழுவப் போனால் இடுப்பால் மெல்லத் தள்ளுவேன். "விடு பிள்ளை" என்பேன், ஜெர்மனை மறந்து. அடுத்தவர் பெற்ற பிள்ளை, அவ்வளவு தூரத்திலிருந்து வந்து என் வீட்டுக் கோப்பையைக் கழுவுவதா? அவளுக்கு முதலில் பிடிபட்ட தமிழே "விடு பிள்ளை"தான். அவள் செய்த ஒரே வேலை ஆரணியோடு விளையாடுவது. அதையும் நான் வீட்டுக்கு வந்ததும் பறித்துக்கொண்டு, அவளுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிடுவேன்.

எங்கள் கட்டடத்தில் இருந்த சாந்தியக்கா ஒருநாள் வந்து எல்லாவற்றையும் பார்த்தார். "பிள்ளை பாக்க வந்த பிள்ளையை நீ பாக்கிறாய். இதுக்கோ அரசாங்கம் அவளுக்கு விசா தந்தது?" என்றார்.

மணித்தியாலத் தாளில் நான் பொய் எழுதவில்லை. முதல் கிழமை ஆறு. அடுத்தது ஐந்து. பிறகு நாலரை. பெருமையோடு கையெழுத்து வைத்து அனுப்பினேன், இந்த நாட்டில் இவ்வளவு நல்ல குடும்பம் வேறு இருக்காது என்று.

திருமதி மயர் தொலைபேசியில் அழைத்தார். வேலை அதிகம் வாங்குகிற குடும்பங்களைத் தனக்குத் தெரியும், இப்படி ஒரு தாளை இதுவரை கண்டதில்லை என்றார். ஒன்றில் நாங்கள் வாங்கிய வேலையை மறைக்கிறோம், அல்லது அவளை விசாவுக்காக மட்டும் கூப்பிட்டிருக்கிறோம் என்பது அவருடைய சந்தேகம். புதன்கிழமை இரண்டு மணிக்கு நேரில் வருவதாகவும், திருப்தி இல்லாவிட்டால் ஒப்பந்தம் முடியும் என்றும் சொன்னார். ஒப்பந்தம் முடிந்தால் விசாவும் முடியும். சோதனைக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. தாமுனா அழவில்லை. அறைக்குள் போய் அந்தக் கடிதத்தைச் சுவரிலிருந்து கழற்றி ஒரு புத்தகத்துக்குள் வைத்தாள்.

புதன்கிழமை. வாசல் மணி அடிக்கும்போது தாமுனா அயன் பண்ணிக்கொண்டிருக்க வேண்டும் என்று திட்டம் போட்டேன். நல்ல திட்டம். ஆனால் வீட்டில் அயன் பண்ணாத உடுப்பு ஒன்றும் இல்லை, எல்லாவற்றையும் நான்தான் செய்து அடுக்கியாயிற்றே. அலுமாரியைத் திறந்து இவருடைய சட்டைகளை எடுத்துப் போட்டு இரண்டு கையாலும் கசக்கத் தொடங்கினேன்.

இவர் வாசலில் நின்று பார்த்தார். "இஞ்சரும், நீர் சுகமாத்தானே இருக்கிறீர்?"

"கதையாமல் நீங்களும் நாலைக் கசக்குங்கோ. ரெண்டு மணியாகுது."

கசக்கினார். ஒரு சட்டையின் மேல் ஏறியும் உட்கார்ந்தார்.

திருமதி மயர் வந்து சோபாவில் அமர்ந்தபோது தாமுனா மலைபோல் குவிந்த சட்டைகளின் நடுவில் நின்று தேய்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. நான் விருந்தாளியோடு வானிலையைப் பற்றிப் பேசினேன். என் கண் மட்டும் கொலரில் நின்றது. அவள் கொலரை வெளிப்பக்கம் தேய்க்கிறாள். முதலில் உட்பக்கம் தேய்க்க வேண்டும் அல்லவா? அதற்குப் பிறகு நடந்தது எனக்குச் சரியாக நினைவில்லை. பார்த்தபோது ஸ்திரிக்கைப் பெட்டி என் கையில் இருந்தது. அரைவாசிச் சட்டை முடிந்திருந்தது. தாமுனா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

திருமதி மயர் பேனாவைக் கீழே வைத்தார். பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த ஆரணி மிகத் தெளிவான ஜெர்மனில் சொன்னாள்: "இந்தச் சட்டை எல்லாத்தையும் அம்மாவும் அப்பாவும்தான் கசக்கினவை. அப்பா மேலை இருந்தவர்."

திருமதி மயர் எழுந்துவிட்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போது தாமுனா போய் அவருடைய முழங்கையை மெல்லப் பிடித்து, உரத்த, கனிந்த குரலில் சொன்னாள்: "நாம் பதற்றப்பட வேண்டாம், திருமதி மயர். முதலில் மெதுவாக உட்காருவோம். பின்னால் கதிரை இருக்கிறதா? இருக்கிறது. நல்லது. எங்கேயாவது வலிக்கிறதா?"

திருமதி மயர் உட்கார்ந்தார். உட்காராமல் இருக்க முடியாது, அது நான் பத்து வருடமாகப் பழக்கிய குரல்.

"இந்த ஜெர்மனை உனக்கு யார் சொல்லித் தந்தது?"

தாமுனா என்னைக் காட்டினாள். சரியாக அந்த நேரம் குசினிக்குள்ளிருந்து இவர், "தேத்தண்ணி ஒன்று, சீனி இல்லாமல், வருகிறது, வழி விடுங்கள்" என்று கன்ரீன் குரலில் கத்தினார்.

திருமதி மயர் கைக்குட்டையால் முகத்தை மூடினார். தோள் குலுங்கியது. நான் பயந்துபோய், அழுகிறாரோ என்று பார்த்தேன். சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. வேலை ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டார். "நான் செய்யத்தான் பார்க்கிறேன். அம்மாதான் என் கையிலிருந்து எடுத்துவிடுகிறார்" என்றாள் தாமுனா. சாட்சி கேட்க வேண்டியிருக்கவில்லை. ஸ்திரிக்கைப் பெட்டியை நான் இன்னும் கீழே வைக்கவில்லை.

அவர் பேனாவை எடுத்து ஃபிரிட்ஜில் நாங்கள் ஒட்டியிருந்த மஞ்சள் தாளின் அடியில் எழுதினார்: "அம்மா வேலையால் வந்ததும் அரை மணித்தியாலம் உட்கார வேண்டும். அந்த நேரம் எதையும் தொடக்கூடாது." ஒரு மாதம் தவணை. அதற்குள் தாள் சரியாக வராவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது.

என் வாழ்நாளில் நான் செய்த கடினமான வேலை அந்த அரை மணித்தியாலம். கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு சோபாவில் இருப்பேன். குசினியில் கோப்பை சத்தம் கேட்கும்போதெல்லாம் உடம்பு தானாக எழும்பும். "அம்மா, இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது, நாம் உட்காருவோம்" என்று தாமுனா உள்ளிருந்து குரல் கொடுப்பாள். ஆரணியை எனக்குக் காவலாகப் பக்கத்தில் இருத்தியிருந்தாள். அசைந்தால் அது கோள் சொல்லும். கோப்பைகளில் சவர்க்காரம் ஒட்டியிருந்தது. கொலர்கள் மடங்கியிருந்தன. அந்தக் கடிதம் மறுபடி சுவருக்கு வரவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். மாத முடிவில் தாளில் கிழமைக்கு இருபத்தாறு என்று எழுதினேன். கடிதமும் சுவருக்கு வந்தது.

ஏழாம் மாதம் சோதனையில் சித்தியடைந்தாள். முன்பு முதியோர் இல்லத்தில் வேலை செய்தீர்களா என்று வாய்மொழிச் சோதனையில் கேட்டார்களாம். ஜெர்மனிக்குப் புறப்பட்ட அன்று ரயில் ஸ்ரேசனில் அவளுடைய பெட்டியை நான் தூக்கப்போக, என் கையைத் தட்டிவிட்டு, "விடு பிள்ளை" என்றாள். என்னை அப்படிக் கூப்பிட அதற்கு முன்னும் பின்னும் யாரும் துணிந்ததில்லை.

இப்போது என் பிள்ளை இன்னொரு வீட்டில் வெளிநாட்டுப் பிள்ளை. தெரிந்தவர்கள், "அங்கை பிள்ளையை வேலை வாங்கிக் கொல்லுவினம்" என்று என்னைப் பயமுறுத்துகிறார்கள். நான் பயப்படுவது வேறொன்றுக்கு. படம் வந்தவுடன் அவளை அழைத்து அதைத்தான் கேட்டேன்.

"அந்த அம்மா உன்னை வேலை செய்ய விடுறாவோ?"

"ஓம் அம்மா. அயன் பண்ணவும் பழக்கிறா. முதல்லை கொலரின்ரை உள்பக்கமாம்."

பத்தொன்பது வருடம் நான் சொல்லிக்கொடுக்காததை யாரோ ஒருத்தி பத்து நாளில் சொல்லிக்கொடுத்துவிட்டாள்.

"நீங்கள் வேலையாலை வந்து அரை மணித்தியாலம் இருந்தனீங்களோ, அம்மா?" என்று அவள் கேட்டாள். இருந்தேன் என்றேன்.

அந்த மஞ்சள் தாள் பழைய ஃபிரிட்ஜோடு போய்விட்டது. தாமுனாவுக்குக் கொடுத்த அறை எங்களிடம் திரும்பாமல் ஆரணியின் அறையாகி, இப்போது யாருடைய அறையும் இல்லை. அரை மணித்தியாலம் முடிய எத்தனை நிமிடம் என்று உள்ளிருந்து சொல்ல ஆளில்லை. கையைத் தொடைக்குக் கீழே ஒளிக்கவும் வேண்டாம், பறித்துச் செய்ய ஒரு கோப்பைகூட மிச்சமில்லை. இவர் சாப்பிட்டதைத் தானே கழுவி வைத்துவிடுகிறார்.

அந்த நீலச் சட்டையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேனே. அது அலுமாரியில் அயன் பண்ணி மடித்தபடிதான் இருந்தது. நான்தான் எடுத்து இரண்டு கையாலும் நன்றாகக் கசக்கினேன்.