ஓட்ஸுக்கு உறை ஊற்றிய கதை

எங்கள் வீட்டில் ஓட்ஸின் ஆட்சி மூன்று வாரம்தான் நடந்தது. அது ஏன் வந்தது என்று நான்காம் வகுப்பில் இருந்த எனக்குப் புரியவில்லை. அதைக் கவிழ்த்தவள் நான்தான். ஆனால் எதைக் கவிழ்த்தேன் என்பதும் அப்போது புரியவில்லை.

அப்பாவின் வேலைக்காக விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து, புதுப்பட்டினத்தை ஒட்டிய ஊழியர் குடியிருப்பில் தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. அப்பா, அம்மா, நான், மூன்றே பேர். விடியற்காலை ஐந்து மணிக்கு அம்மா சட்னி அரைக்கும் மிக்ஸி சத்தத்தில்தான் எனக்கு விழிப்பு வரும். திட்டிக்கொண்டே புரண்டு படுப்பேன். ஒரு நாள் மிக்ஸி ஓடவில்லை. எழுந்து போய்ப் பார்த்தால் அடுப்பு துடைத்து வைத்தபடி இருந்தது. மேசையில் மட்டும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில்கள் வியர்த்துக்கொண்டு நின்றன.

முதல் நாள் ராத்திரியே ஓட்ஸைப் பாலில் போட்டு, சப்ஜா விதையும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்து, மேலே வாழைப்பழத்தை நறுக்கிப் பரப்பி மூடி, ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். காலையில் அப்படியே எடுத்துச் சாப்பிட வேண்டியதுதான். கொதிக்க வைப்பதும் இல்லை, தாளிப்பதும் இல்லை. யாரோ ஒரு பெண் போன் வீடியோவில் சொன்னாளாம். உடம்புக்கு ரொம்ப நல்லது என்றாள் அம்மா. அப்பாவுக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிற வயது, அதனால் அவர் வாயைத் திறக்காமல் சாப்பிட்டார். எனக்கு வந்த பாட்டிலில் அதற்கு முன் எலுமிச்சை ஊறுகாய் இருந்தது. எத்தனை தடவை கழுவினாலும் மூடியில் ஊறுகாய் வாசனை போகவில்லை. வாழைப்பழமும் ஊறுகாயும் ஜில்லென்று ஒன்றாக வாய்க்குள் போனால் எப்படி இருக்கும் என்பதை நான் விவரிக்கப் போவதில்லை.

ஓட்ஸ் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் வீட்டில் ஒரு பேச்சு நடந்தது. கல்யாணத்துக்கு முன் அம்மா மதுரையில் கணக்கு எழுதும் வேலையில் இருந்தவள். சிறுசேரியில் ஓர் அலுவலகத்தில் அவளுக்கு மறுபடி வேலை கிடைத்திருந்தது, இரண்டு மாதம் கழித்து முதல் தேதி போய்ச் சேர வேண்டும். கம்பெனி பஸ் பூஞ்சேரி கூட்டுரோடு வரைக்கும்தான் வரும். அதைப் பிடிப்பதற்குள் டவுன் பஸ் வருமா வராதா என்பது கடவுளுக்கே வெளிச்சம். அப்பா சிரித்துக்கொண்டே, "நீயே வண்டி ஓட்டிட்டுப் போறதா இருந்தா தாராளமாப் போ. லைசென்ஸோட வா, மறுநாளே நான் வண்டி வாங்கித் தர்றேன்" என்றார். அம்மா அதுவரை சைக்கிள்கூட மிதித்ததில்லை. அப்பாவின் பேச்சில் கெட்ட எண்ணம் இல்லை, பாதுகாப்பான வாக்குறுதி, அவ்வளவுதான். நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். இதெல்லாம் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

மண்டையில் ஏறியது வேறு. ஓட்ஸ் வந்த பிறகு விடியற்காலையில் அம்மா வீட்டில் இருப்பதில்லை. 'வாக்கிங்' என்றாள். வாக்கிங் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கடற்கரைச் சாலையில் கையை வீசி வீசிப் போவார்கள், திரும்பி வரும்போது முகம் மலர்ந்திருக்கும். அம்மாவோ முழங்காலில் சிராய்ப்போடு வந்தாள். ஒரு நாள் உள்ளங்கையில் கறுப்பாக கிரீஸ். மேலே லேசான மீன் வாடை. கேட்டால், "தடுக்கி விழுந்தேன், போய்க் குளி" என்றாள். எங்கே தடுக்கினால் கிரீஸ் ஒட்டும் என்று பள்ளி வேனில் போகும்போதெல்லாம் யோசித்தேன்.

இன்னொரு குழப்பம் பாட்டில் கணக்கு. நாங்கள் மூன்று பேர். ஆனால் ராத்திரி ஃப்ரிட்ஜில் நான்கு பாட்டில்கள் இருக்கும். நான் எழுந்திருக்கும்போது மூன்றுதான். நான்காவதை ஏழு மணிக்கு அம்மா காலியாகக் கொண்டுவந்து கழுவிக் கவிழ்ப்பாள்.

ஒரு சனிக்கிழமை அம்மா கதவைச் சாத்திக்கொண்டு இறங்கியதும், நானும் செருப்புப் போடாமல் பின்னாலேயே போனேன். குடியிருப்புச் சுவர் தாண்டி, சவுக்குத் தோப்புக்குப் பின்னால் ஒரு வெறும் திடல். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா அங்கே இருந்தாள். அவளை நாங்கள் 'மீன் அக்கா' என்றுதான் கூப்பிடுவோம், அம்மாவைவிடச் சின்னவள். மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, எங்கள் நான்காவது பாட்டிலிலிருந்து கரண்டியால் வழித்துத் தின்றுகொண்டிருந்தாள். அவளுடைய மொபெட்டில் உட்கார்ந்திருந்தது என் அம்மா. சுடிதார் போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மணலில் கோலப்பொடியால் போட்டிருந்த பெரிய எட்டின் மேல் சுற்றிச் சுற்றி வந்தாள். எங்கேயும் போகவில்லை. புறப்பட்ட இடத்துக்கே வந்து மறுபடி சுற்றினாள்.

"கால ஊனாதக்கா. கால ஊனுனா ஃபெயிலு பண்ணிடுவாங்க. தூரமாப் பாரு, வண்டி தானா போவும்" என்றாள் மீன் அக்கா. கரண்டியை நக்கிவிட்டு, "இது இன்னாவோ ருசியே இல்லக்கா. ஆனா ஏலத்துக்குப் போயி வூட்டுக்கு வர்ற வரிக்கும் பசி தெரில, அதான் துன்றேன்" என்றாள். அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் வீட்டில் கேட்டதில்லை. எனக்கு முதலில் வந்தது பொறாமைதான்.

தோப்பிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். மீன் அக்கா, மொபெட், விடியற்காலை, மீன் வாடை. அம்மா மீன் விற்கப் போகிறாள். இனிமேல் ஒவ்வொரு காலையும் கடற்கரைக்குப் போய்விடுவாள். என் வகுப்புப் பிள்ளைகளின் வீட்டு வாசலில் நின்று வஞ்சிரம், சங்கரா என்று கூவுவாள். இத்தனைக்கும் காரணம் அந்தப் பாட்டில்கள். ஓட்ஸ் வந்ததால்தான் அம்மாவுக்குக் காலை நேரம் கிடைத்தது. ஓட்ஸ் போனால் அம்மா வீட்டில் இருப்பாள். இவ்வளவு சரியாகக் கணக்குப் போட்ட நான் அந்த அரையாண்டில் கணக்குப் பாடத்தில் வாங்கிய மதிப்பெண்ணைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் அம்மா பரபரப்பாக இருந்தாள். மறுநாள் செங்கல்பட்டில் ஒரு வேலை இருக்கிறது, காலை ஏழுக்கே கிளம்ப வேண்டும், நீங்கள் இரண்டு பேரும் பாட்டிலைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள் என்றாள். என்ன வேலை என்று அப்பா கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பாலுக்கு உறை ஊற்றுவது என் பொறுப்பு. பால் கைபொறுக்கும் சூட்டில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்து, ஒரு கரண்டித் தயிரைக் கலக்கி, அடுப்பு மேடையின் ஓரத்தில் மூடி வைப்பேன். அதில் எனக்குப் பெருமை. அம்மா துணி மடித்துக்கொண்டே, "உறை ஊத்திட்டு, அந்த நாலு பாட்டிலையும் ஃப்ரிட்ஜில வெச்சுடு" என்றாள்.

நான் பாலுக்கு உறை ஊற்றினேன். பக்கத்திலேயே நான்கு பாட்டில்கள். அதிலும் பால்தானே இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டித் தயிர் விட்டுக் கலக்கினேன். உறை ஊற்றியதை ஃப்ரிட்ஜில் வைத்தால் தயிர் ஆகாது என்று சொல்லிக் கொடுத்தவளே அம்மாதான். அதனால் மூடியை இறுக்கி, நான்கையும் பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தேன். தயிராகிவிட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேனா, கெட்டுப்போகட்டும் என்று நினைத்தேனா? இன்றுவரை எனக்கே தெளிவில்லை. இரண்டையும் நினைத்திருப்பேன்.

எங்கள் கடற்கரைப் புழுக்கத்துக்கு ஒரு ராத்திரி போதும். காலையில் அப்பா ஷிப்ட் சட்டையோடு உட்கார்ந்து தன் பாட்டிலைத் திருகினார். திறக்கவில்லை. துண்டைப் போட்டுத் திருகினார். 'டப்' என்று மூடி எகிறி, புளித்த ஓட்ஸ் அவர் சட்டையெல்லாம் தெறித்தது. வாழைப்பழத் துண்டு ஒன்று பாக்கெட்டில் போய் விழுந்தது. நான் சிரித்திருக்க வேண்டியது, ஆனால் பயம். ஒன்றும் ஆகாதது போல் காட்டிக்கொள்ள என் பாட்டிலைத் திறந்து அவசரமாக நான்கு கரண்டி விழுங்கினேன். அடுத்த நிமிடம் பள்ளிச் சீருடையின் மேலேயே அத்தனையும் வாந்தி.

அம்மா வாசலில் சுடிதார் போட்டு, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றாள். கீழே மொபெட் ஹாரன் இரண்டு தரம் அடித்தது. கொஞ்ச நேரத்தில் மீன் அக்காவே படியேறி வந்தாள். அன்றைக்கு அவள் ஏலத்துக்குப் போகவில்லை, தலை வாரிப் பூ வைத்திருந்தாள்.

"இன்னாக்கா, டைம் ஆவுது. எட்டரைக்கு அங்க நிக்கணும்ல?"

"எங்க நிக்கணும்?" என்று சட்டையைத் துடைத்தபடி அப்பா நிமிர்ந்தார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் இன்னும் குமட்டிக்கொண்டிருந்தேன். ஹெல்மெட்டை செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்தாள்.

"ஒண்ணுமில்லைங்க. நீங்க சட்டைய மாத்துங்க, பஸ் போயிடும்" என்றாள். மீன் அக்காவிடம், "நீ கிளம்பு. இன்னைக்கு முடியாது" என்றாள்.

"இத்த வுட்டா அடுத்த டேட்டு எப்ப கெடைக்குமோ. உனக்கு ஒண்ணாந்தேதி வேலைக்குப் போவணும்னியே."

அம்மா என் சீருடைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினாள். மீன் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள், இறங்கிப் போய்விட்டாள். அப்பா வேறு சட்டை போட்டுக்கொண்டு, கேன்டீனில் பார்த்துக்கொள்கிறேன் என்று ஓடினார். "பிள்ளையப் பாரு" என்று படியிலிருந்து சொன்னது கேட்டது.

அம்மா என்னைக் குளிப்பாட்டினாள். மேடையைக் கழுவினாள். பாட்டில்களைக் கொட்டி அலசும்போது ஒன்றை முகர்ந்து பார்த்துவிட்டு, "உறை ஊத்தினியா?" என்று கேட்டாள். "தயிரானா நல்லா இருக்கும்னு நெனச்சேம்மா" என்றேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இப்போது தோன்றுகிறது.

பள்ளி வேன் போய்விட்டதால் நான் வீட்டிலேயே இருந்தேன். ஒன்பது மணிக்கெல்லாம் வயிறு சரியாகி, பசி பிய்த்தெடுத்தது. அம்மா அந்தச் சுடிதாரோடு நின்றே மாவைக் கரைத்து, வெங்காயச் சட்னி அரைத்து, தோசை வார்த்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் மிக்ஸி ஓடியது. ஓரம் முறுகலாக, நெய் விட்டு, ஒவ்வொன்றாகச் சுடச்சுட என் தட்டில் போட்டாள். நான் நான்கு தோசை சாப்பிட்டேன். அம்மா கல்லுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நின்று, தோசையைத் திருப்பும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் வெளியே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நல்ல தோசையைச் சுட்டுக்கொண்டு ஒருவர் எதற்கு முகத்தை இப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கோ சந்தோஷம் பொங்கிக்கொண்டிருந்தது. அம்மா மீன் விற்கப் போகவில்லை, ஓட்ஸ் ஒழிந்தது, நான் ஜெயித்துவிட்டேன்.

"தினமும் இதே மாதிரி போடும்மா" என்றேன், வாயில் தோசையோடு.

அம்மா அடுத்த தோசைக்குக் கல்லில் மாவை ஊற்றினாள்.

"சரி" என்றாள்.

அந்தச் சொல்லை நான் பள்ளி முடிக்கும்வரை ஒரு நாள்கூடத் தவறாமல் காப்பாற்றினாள். என் மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.