க்யூபிட்டும் அரளிப்பூப் பொட்டலமும்

பதினொன்று. திண்டிவனம் பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் தற்காலிக ஆசிரியருக்கு வேலை பதினொரு மாதம். பன்னிரண்டாவது மாதம் வெளியே. நிரந்தரம் என்று வாய் திறக்க விடாத ஏற்பாடு. மறுபடி வர, வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும், பிடித்தால் சேர்ப்பார்கள்.

கலைப்பிரியா இப்படி எட்டு முறை சேர்ந்தவர். மண்டகப்பட்டில் மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, களையெடுக்கும் வேணியின் மகள். இயற்பியல் படித்தவர். வீடு அவர் சம்பளத்தில் நடந்தது. ஒன்பதாவது முறை கொடுத்த தலைப்பு குவாண்டம் கணினி. பாடத்திட்டத்தில் புதிதாகச் சேர்த்தது; நடத்த வேறு ஆள் கிடையாது.

முதல்வர் ராஜாமணி மதிப்பெண் தாளோடு பின்னால் உட்கார்ந்தார்.

கலைப்பிரியா பலகையில் 0, 1 என்று எழுதினார். "சாதா கம்ப்யூட்டர்ல ஒரு பிட்டுன்னா இது, இல்லன்னா அது. குவாண்டம் கம்ப்யூட்டர்ல இருக்கறது க்யூபிட். ரெண்டும் கலந்த நெலையில இருக்கும். அளந்தா ஏதோ ஒண்ணுதான் கெடைக்கும்."

யாருக்கும் ஏறவில்லை.

"கோயில்ல சாமி உத்தரவு கேக்கப் பூ கட்டிப் பாக்கறோம்ல? செவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை ஒரு பொட்டலம். எடுத்துப் பிரிக்கிற வரைக்கும் ரெண்டும்தான். அதான் க்யூபிட்."

வகுப்பு தலையாட்டியது. ராஜாமணி ஏதோ குறித்துக்கொண்டார். அம்சா என்ற மாணவி எழுந்தாள்.

"மேடம், எங்கக்கா கல்யாணத்துக்குப் பூ கட்டினாங்க. எங்கம்மா செவப்புக்கு மட்டும் ரெண்டு முடிச்சு போட்டாங்க. பிரிக்காமலே அவங்களுக்குத் தெரியும்."

"அம்மனுக்கே டிமிக்கியா?" என்றது பின்பெஞ்சு. வகுப்பே சிரித்தது.

கலைப்பிரியா சிரிக்கவில்லை. பொட்டலத்தில் எந்தப் பூ என்பது கட்டும்போதே முடிவாகிவிட்டது. எடுக்கிறவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். க்யூபிட்டுக்குள் அப்படி ஒளித்துவைத்த விடை இல்லை. சிரிப்போடு சிரிப்பாகத் தாண்டிப் போயிருக்கலாம்.

"நான் சொன்ன உதாரணம் தப்பு. அடிச்சிடுங்க," என்றார். "ஏரியில ரெண்டு கல்லு போட்டா அலைங்க ஒண்ணு மேல ஒண்ணு வரும். சில எடத்துல ஏறும், சில எடத்துல ஒண்ணையொண்ணு அழிச்சிக்கினு அடங்கிடும். க்யூபிட்டுல 0, 1 ரெண்டோட பங்கும் அந்த மாதிரிதான். தப்பான விடைங்க அடங்கணும், சரியானது ஏறணும். கணக்க அப்படி ஓட்டிக்கினு வந்து கடைசியில அளக்கறோம். செவப்பு அரளி வெள்ளை அரளிய அழிக்காது."

அலையைப் பாதி வரைந்திருந்தபோது மணி அடித்தது.

வராந்தாவில் ராஜாமணி நிறுத்தினார். "நல்லாத்தாம்மா போய்க்கினு இருந்துது. தப்புன்னு நீயே ஏன் சொன்ன?"

"பசங்க அதையே பரீட்சையில எழுதுவாங்க சார்."

"எழுதட்டுமே. திருத்தறவனுக்கு மட்டும் தெரியுமா?"

ஜூனில் பட்டியல் ஒட்டினார்கள். கலைப்பிரியா பெயர் இல்லை. இப்போது விழுப்புரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறார். அந்தப் பாடத்துக்குக் கல்லூரி இன்னும் ஆள் போடவில்லை.

நவம்பரில் அந்தப் பாடத்தின் தேர்வை எழுத வேண்டியவர்கள் அறுபத்து மூன்று பேர்.