ஊசியில் இருக்கும் வரை நூல்தான்

எங்கள் பக்கத்தில் குளிர் என்றால் மார்கழியில் ஒரு பத்து நாள் விடிகாலையில் காதை மூடிக்கொண்டு போவது, அவ்வளவுதான். அந்த ஊரில் ஒருத்தி உட்கார்ந்து உல்லன் நூலில் குல்லா பின்னினாள் என்று சொன்னால் இப்போதும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். வேம்புலியம்மாளைத் தெரியாதவர்கள்தான் சிரிப்பார்கள்.

1967-ல் அம்பத்தூர் எஸ்டேட்டில் ரேடியோவுக்குக் காயில் என்ற கம்பிச் சுருள் சுற்றும் சின்னக் கம்பெனி ஒன்றில் அவளும் நானும் பக்கத்துப் பக்கத்து ஸ்டூல். மயிரிழை போன்ற செம்புக் கம்பியை இடைவெளியே தெரியாமல் இழுத்துச் சுற்ற வேண்டும். நான் சுற்றினதில் பத்துக்கு இரண்டைச் சூப்பர்வைசர் கழித்துப் போடுவார். வேம்பு சுற்றினது ஒன்றுகூடத் திரும்பி வராது. அதில் எனக்குப் பொறாமை உண்டு, மறைப்பானேன். மத்தியானம் சங்கு ஊதினதும் கேட்டுக்கு வெளியே தூங்குமூஞ்சி மரத்தடிக்கு ஓடுவோம். என் குழம்பை அவள் ஊற்றிக்கொள்வாள், அவள் கருவாட்டை நான் எடுத்துக்கொள்வேன். எழுபத்தைந்தில் கம்பெனியை மூடும் வரை அப்படித்தான் சாப்பிட்டோம். அப்புறம் எனக்கு வேறு வேலை கிடைத்தது, சொந்த வீடு வந்தது. அந்தச் சோற்றின் ருசி மட்டும் திரும்பி வரவில்லை.

அவள் வீடு அத்திப்பட்டில். புருஷன் கோவிந்தன், சைக்கிள் கம்பெனியில் வேலை. மாமியார் நாகம்மா, எஸ்டேட் வருவதற்கு முன் அதே நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவள். இப்போது இரண்டு எருமை வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். நாகம்மா வாயைத் திறந்தால் தெருவே அடங்கும். ஆனால் மருமகள் வேலை விட்டு வரும்போது அடுப்பில் வெந்நீர் தயாராக இருக்கும்.

வேம்புவுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். முதல் கர்ப்பம் ஐந்தாம் மாதம் கலைந்தது. இரண்டாவது பையன். தை மாதத்தில் வீட்டிலேயே பிறந்து மூன்றாம் நாள் போய்விட்டான். ஏன் போனான் என்பதில்தான் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகவில்லை. பிரசவம் பார்த்த நர்ஸம்மா, "புள்ளைக்குச் சூடு பத்தல, தலைய நல்லா மூடி வெச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வேம்பு அதைப் பிடித்துக்கொண்டாள். நாகம்மா வேறொன்றைப் பிடித்துக்கொண்டாள். குழந்தை பிறப்பதற்கு முன்பே கோவிந்தன் ஆசைப்பட்டுப் பூந்தமல்லியில் ஒரு சின்னச் சட்டை வாங்கி வைத்திருந்தான். எங்கள் பக்கம் அது ஆகாது. பிறக்காத பிள்ளைக்குத் துணி எடுக்க மாட்டோம். பிறந்த பிறகும் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் முதலில் சுற்றுவோம். "அந்தச் சட்டதான் எம் பேரன வாரிக்கினு பூட்சி" என்பாள் நாகம்மா. சொல்லும்போது மகனைப் பார்க்க மாட்டாள். அவன் தலையைக் குனிந்துகொள்வான்.

மறுபடியும் வேம்பு முழுகாமல் இருந்தாள். ஆடி மாதம், மூன்று மாதம் முடிந்திருந்தது. மரத்தடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"பஞ்சு, ஒனக்கு உல்லன் பின்னத் தெரியும்னு சொன்னியே?"

பஞ்சவர்ணம் ஆகிய நான் சொன்னேன்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள் என்ற கர்வம் எனக்கு. தையல் வகுப்பில் பின்னல் சொல்லிக்கொடுத்தார்கள். ஊசியில் கண்ணி ஏற்றத் தெரியும், நேராகப் பின்னத் தெரியும், திருப்பிப் பின்னத் தெரியும். முடிக்கத் தெரியாது. ஊசியை உருவினாலும் பிரியாதபடி கண்ணிகளைக் கட்டி முடிக்கும் பாடம் வருவதற்குள் அப்பா என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"தெரியாம இன்னா? கண்ண மூடிக்கினு பின்னுவேன்" என்றேன்.

"எனக்குக் கத்துக் குடுமே. புள்ளைக்கு ஒரே ஒரு குல்லா. இந்தத் தபா தலை சில்லுனு ஆவ வுட மாட்டேன்."

பின்னல் ஊசிக்கு எங்கே போவது? கோவிந்தன் சைக்கிள் கடையில் இரண்டு ஸ்போக்ஸ் கம்பி வாங்கி, முனையை அரத்தால் ராவி, மறுமுனையில் கண்ணி நழுவாமலிருக்க டயர் வால்வில் போடும் வால்டியூப் ரப்பரைச் சுற்றிக் கொடுத்தான். அம்மாவுக்குத் தெரியாமல்தான் கொடுத்தான். நூல், அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பேன்ஸி ஸ்டோரில் வாங்கின மஞ்சள் உல்லன்.

முதல் நாளே தகராறு. காயில் சுற்றிப் பழகின கையல்லவா! எழுபது கண்ணி ஏற்றினாள், ஒவ்வொன்றையும் இழுத்து இறுக்கினாள். இரண்டாவது வரிசைக்கு ஊசி உள்ளேயே நுழையவில்லை.

"இன்னாமே இது, கண்ணி போட்டியா, ஆணி அடிச்சியா?"

"லூசா வுட்டா சூப்பர்வைசர் கழிச்சுடுவாரே."

"இங்க ஏதுடி சூப்பர்வைசர்? கொஞ்சம் தளர வுடு."

நாலு முறை பிரித்தாள். வியர்வைக் கையில் நூல் ஒட்டிக்கொண்டு அழுக்கானது. எனக்குக் கோபம் வந்தது. "ஒனக்கு இது வராது, வுட்டுடு" என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவள் ஐந்தாம் முறை கண்ணி ஏற்றினாள். இந்த முறை ஊசி நுழைந்தது. அன்று அவள் சிரித்த சிரிப்புக்கு, இன்னும் நாலு முறை பிரித்திருந்தாலும் நான் கூடவே உட்கார்ந்திருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். பால் ஊற்றிவிட்டு வந்த நாகம்மா, மருமகள் மடியில் நாலு விரல் அகலத்துக்கு மஞ்சளாகத் தொங்குவதைப் பார்த்துவிட்டாள்.

"யாருக்குமே இது?"

வேம்புவுக்குப் பொய் வராது. "புள்ளைக்கு, அத்தே."

நாகம்மா சொம்பை ணங்கென்று கீழே வைத்தாள். "ஒரு தபா பட்டது பத்தலயா ஒனக்கு? இன்னொண்ணையும் தூக்கிக் குடுக்கணுமா?" கத்தத்தான் ஆரம்பித்தாள், குரல் உடைந்துவிட்டது. என் வாய்தான் சும்மா இருக்காதே, குறுக்கே புகுந்தேன்.

"பெரிம்மா, இது துணியே இல்ல. ஊசில கீற வரைக்கும் வெறும் நூலு. பாக்கறீங்களா?" ஊசியை உருவி நூலை இழுத்தேன். ஒரு வரிசை சரசரவென்று பிரிந்தது. வேம்பு ஐயோ என்று கையைப் பிடித்தாள்.

நாகம்மா குனிந்து பார்த்தாள். ஊசியை வாங்கி நகத்தால் தட்டினாள்.

"இரும்பா?"

"சைக்கிள் கம்பி, பெரிம்மா."

வாயும் வயிறுமாக இருப்பவள் கையில் இரும்பு இருந்தால் காத்து கருப்பு அண்டாது என்பார்கள். நாகம்மா ஊசியைத் திரும்ப மருமகள் கையில் வைத்தாள்.

"சரி, இரும்பு கைல இருக்கட்டும். ஆனா நீ முடிக்கக் கூடாது. புள்ள பொறந்து அது அழற சத்தம் எங்காதுல வுழுந்தப்புறம்தான் முடிக்கணும். இன்னா?"

"சத்தியமா முடிக்க மாட்டேன், அத்தே."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது எனக்கு. முடிக்கக் கூடாது என்று மாமியாரே சட்டம் போட்டுவிட்டாள், என் குட்டு வெளிப்படாது!

ஐப்பசிக்குள் குல்லாவுக்கு வேண்டிய உயரம் வந்துவிட்டது. அப்புறமும் வேம்புவால் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. எட்டு வரிசை பின்னுவாள், எட்டு வரிசை பிரிப்பாள். "முடிக்கறத எப்பமே சொல்லிக் குடுப்ப?" என்று கேட்பாள். "நாள் கீதே, இன்னா அவசரம்" என்பேன். நாகம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் திருவேற்காட்டுக்கு நடந்தே போய் வந்தாள்.

மார்கழியில், எட்டாம் மாதத்திலேயே வலி வந்துவிட்டது. ஏழில் பிறந்தாலும் தங்கும், எட்டில் பிறந்தால் தங்காது என்று ஊரே சொல்லும். காலை ஏழு மணிக்குக் கோவிந்தன் என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினான்.

"பொண்ணு பொறந்துகீது, பஞ்சு. தம்மாத்தூண்டு கீது. தலைய மூடியே வெக்கணும்னு நர்ஸம்மா சொல்றாங்க. குல்லாவ முடிக்க ஒன்ன இட்டாரச் சொன்னா."

கேரியரில் உட்கார்ந்து போனேன். வழியிலேயே குதித்து ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

பாயில் வேம்பு. பக்கத்தில் பழைய வேட்டிக்குள் சாத்துக்குடி அளவு தலை. வேம்பு எழுந்திருக்காமலே ஊசியை என்னிடம் நீட்டினாள்.

"முடிச்சுக் குடு, பஞ்சு."

"எனக்கு முடிக்கத் தெரியாதுமே" என்றேன். "எப்பவுமே தெரியாது."

அவள் திட்டியிருந்தால் தேவலை. குழந்தையின் தலையில் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள். அப்போது நான் அழுத அழுகையை நினைத்தால் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

நாகம்மா என் கையிலிருந்து ஊசியைப் பிடுங்கினாள். வீசி எறியப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்த சுருக்குப்பையை எடுத்து, வெற்றிலையைக் கீழே கொட்டி, அதன் வாயை ஒருமுறை இழுத்து மூடினாள், திறந்தாள்.

"கோணி ஊசி எடுத்தாடா" என்றாள் மகனிடம்.

உல்லன் நூலின் நுனியைக் கோணி ஊசியில் கோத்து, ஸ்போக்ஸ் கம்பியிலிருந்து ஒவ்வொரு கண்ணியாக அதற்குள் வாங்கினாள். சாணி தட்டித் தடித்த விரல்கள். ஒரு கண்ணி நழுவியது, வேம்பு படுத்தபடியே எட்டிப் பிடித்துக் கொடுத்தாள். எழுபதும் ஏறினதும் நாகம்மா நூலை இழுத்தாள். உச்சி சுருங்கி மூடிக்கொண்டது. பக்கவாட்டை அதே நூலால் தைத்து, பல்லால் கடித்து அறுத்தாள். குல்லா கோணலாக இருந்தது. அதைத் தன் கையாலேயே குழந்தை தலையில் மாட்டினாள்.

"எவன் வந்து தூக்கினு போறான்னு பாத்துடறேன்" என்றாள்.

மூன்று நாள் நாகம்மா அந்தப் பாயைவிட்டு நகரவில்லை. எருமைகளைக் கோவிந்தன் கறந்தான், பாதிப் பால் கீழே போயிற்று. நான் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டேன். மூன்றாம் நாளை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வேம்பு தூங்கவுமில்லை, அழவுமில்லை, குழந்தையின் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் காலை நான் கஞ்சி எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். நாகம்மா குழந்தையின் இரண்டு பாதங்களையும் உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருந்தாள்.

"நூல் மீதி கீதாமே?" என்றாள் மருமகளிடம். "காலு சில்லுனு கீது. காலுக்கும் ஒரு ஜோடி பின்னு."

அதைக் கேட்டுத்தான் வேம்பு அழுதாள். போன வருஷத்துப் பிள்ளைக்கும் சேர்த்து, வாய்விட்டு அழுதாள்.