நான் உடைத்த முன்கண்ணாடி

டோல்கேட் பக்கத்தில் என் கடை. லாரி, டிரெய்லர், வேன் என்று எந்த வண்டி வந்தாலும் முன்கண்ணாடி மாற்றித் தருவோம். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் வண்டிகள் வரிசையில் நிற்கிற சாலை அது. முன்னால் போகிற வண்டியின் டயரிலிருந்து ஒரு ஜல்லி தெறித்தால் எங்களுக்கு ஒரு வேலை. கடையில் நானும் என் மனைவியின் தம்பியும்தான். அவனுக்கும் நாற்பது நெருங்குகிறது. பல வருடமாகச் சேர்ந்து வேலை செய்கிறோம்.

ஒரு சனிக்கிழமை காலை இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவிலிருந்து பச்சை நிறத்தில் ஒரு சின்னக் கார் வந்து நின்றது. உயரம் என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. இரண்டு பேர்தான் உட்கார முடியும். தரையில் சம்மணமிட்டவர் எழுந்திருப்பதுபோலக் கையை ஊன்றி ஒரு பெரியவர் அதிலிருந்து எழுந்து வெளியே வந்தார். எழுபது வயதிருக்கும். ராயபுரத்துக்காரர். கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளிநாட்டில் ஒரு துறைமுக ஊரில் இந்தக் காரை ஓட்டமுடியாத நிலையில் வாங்கி, பிரித்து, பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து, வீட்டில் வைத்து மறுபடியும் பொருத்தி ஓடவைத்திருக்கிறார். அதற்கே பல வருடம் ஆகியிருக்கிறது. வெளி உடம்பு முழுக்க பைபர். மொத்த எடை இரண்டு ஆட்டோவுக்குமேல் இருக்காது என்றார். இதைச் செய்த கம்பெனி மொத்தமே சில நூறு வண்டிதான் செய்ததாம். அப்புறம் மூடிவிட்டார்களாம்.

அவருக்கு வேண்டியது சின்ன வேலை. மழை பெய்தால் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் கசிகிறது.

"எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. தண்ணி சரியா எங்க வீட்டுக்காரம்மா மடியில விழுது. கோயிலுக்குப் போற சேலை. ரப்பர் காஞ்சு போச்சு, அத மாத்திக் குடுத்தா போதும்" என்றார். புது ரப்பரை அவரே எங்கிருந்தோ வரவழைத்துக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"அரை மணி நேரம் சார்" என்றேன். "டீ குடிச்சிட்டு வாங்க."

வழக்கமாக நான் செய்வது இதுதான். உள்ளே உட்கார்ந்து, ரப்பரின் உதட்டை ஒரு பக்கம் கிளப்பிவிட்டு, கண்ணாடியின் மூலையில் இரண்டு காலையும் வைத்து மெதுவாக அமுக்குவேன். வெளியே மச்சான் பிடித்துக்கொள்வான். லாரியின் சட்டம் இரும்பு. அது அசையாது, கண்ணாடிதான் வழிவிட்டு வெளியே வரும். இந்த வண்டியின் சட்டம் பைபர் என்பதை அந்த நேரத்தில் நான் யோசிக்கவில்லை. காய்ந்த ரப்பரை வெளியிலிருந்து முழுவதும் அறுத்து எடுத்திருக்க வேண்டும். அதற்கு இன்னும் அரை மணி நேரம் ஆகும். ஒரு டிரெய்லர் டிரைவர் வாசலில் நின்று, எப்போது தன் வண்டியைப் பார்ப்பாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் அமுக்கினேன். என் காலடியில் சட்டம் லேசாக வளைந்தது தெரிந்தது. உடனே டக் என்று ஒரு சத்தம்.

கீழ் இடது மூலையில் ஆரம்பித்த கீறல், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே ஓடி மறுபக்கம் போய் நின்றது.

மச்சான் குனிந்து என் காதருகே சொன்னான். "மாமா, முன்னாடியே கீறல் இருந்துச்சுன்னு சொல்லிக்கலாம். ரப்பருக்கு உள்ள மறைஞ்சிகினு இருந்துச்சு, எடுக்கசொல்ல ஓடிச்சுன்னு சொல்லு. அவுருக்கு இன்னா தெரியும்?"

அப்படியும் சொல்லலாம். இந்தத் தொழிலில் சில சமயம் உண்மையாகவே அப்படி நடப்பதும் உண்டு. பெரியவர் எதிர்ப்பக்கத்து டீக்கடையிலிருந்து சாலையைக் கடந்து வருவதற்குள் அந்தப் பொய்யை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். நன்றாகவே பொருந்தியது. ஆனால் அவர் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு கவரில் டீயும் மூன்று பேப்பர் கப்பும் வாங்கிக்கொண்டு வந்தார். அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

"சார், நான்தான் ஒடைச்சிட்டேன்."

அவர் கவரைக் காரின் முன்மூடிமேல் வைத்தார். கீறலின்மேல் விரலை ஓட்டினார். "எங்கேர்ந்து ஆரம்பிச்சுது?" என்று கேட்டார்.

"கீழ எடது பக்கம். கால் வெச்சு அமுக்கினேன். ரப்பர அறுத்து எடுத்திருக்கணும்."

அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சரி" என்றார். பிறகு, "டீ ஆறிடும், ஊத்திக் குடிங்க" என்று சொல்லிவிட்டு, கடை வாசலில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். வெகுநேரம் சாலையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

எப்படியாவது கண்ணாடி போட்டுத் தருவேன் என்று சொல்லிவிட்டேனே தவிர, எப்படி என்று எனக்குத் தெரியாது. அவர் வெளிநாட்டில் தெரிந்தவர்களுக்கெல்லாம் எழுதினார். எவரிடமும் இல்லை. பிளாஸ்டிக் ஷீட்டை வளைத்துப் போடலாமா என்று நான் கேட்டதற்கு, வைப்பர் பட்டு ஒரே மாதத்தில் கீறிவிடும், சட்டப்படியும் கூடாது என்றார். மிச்சம் இருந்தது ஒரே வழி. இதே வளைவு உள்ள வேறொரு வண்டியின் பெரிய கண்ணாடியைத் தேடிப்பிடித்து, இதன் அளவுக்கு வெட்ட வேண்டும். நேரான கண்ணாடியை நான் வெட்டியிருக்கிறேன். வளைந்த முன்கண்ணாடியை வெட்டியதில்லை.

வளைவை எப்படி அளப்பது என்பதற்கு மச்சான்தான் வழி சொன்னான். "உடைஞ்ச கண்ணாடி இன்னும் ஒண்ணாதான் கீது. அதுமேல பைபர்ல அச்சு எடுத்துக்கலாம். காத்திவாக்கத்துல மீன்புடி போட்டுக்கு பைபர் ஒட்றவரு ஒருத்தரு கீறாரு."

கீறல் விழுந்த கண்ணாடியைக் கழற்றி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவன் முன்னால் போனான். சட்டத்தையும் அவரிடம் காட்டிவிடலாம் என்று நானும் பெரியவரும் கண்ணாடியில்லாத காரில் பின்னால் போனோம். அவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டார். நான் என் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். அவ்வளவு தாழ்வான வண்டியில் நான் போனதே இல்லை. திருவொற்றியூர் தாண்டும்வரை பக்கத்தில் வந்த டிரெய்லரின் சக்கர நட்டுகள் என் கண்ணுக்கு நேரே சுற்றிக்கொண்டு வந்தன. எண்ணூர் நெருங்க நெருங்கக் காற்றில் வந்த அனல்மின் நிலையச் சாம்பல்தூள் பல்லில் நறநறத்தது. அவர் மட்டும் சந்தோஷமாக இருந்ததுபோலத் தோன்றியது. உடைத்தவன் நான் என்பதால் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

போட்டுக்காரர் கரையில் ஒரு மீன்பிடி போட்டைக் கவிழ்த்து வைத்து அடிப்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தார். காரைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து, கதவில் விரல் முட்டியால் தட்டினார். இன்னும் இரண்டு இடத்தில் தட்டிக் கேட்டார்.

"இது நம்ம போட்டுதான் நைனா. சக்கரம் வெச்சுக்கீது, அவ்ளோதான்."

அவர் கண்ணாடி இருந்த இடத்தையும் தட்டிக்கொண்டே வந்து இடது மூலையில் நின்றார். அங்கே மட்டும் சத்தம் வேறாக இருந்தது. ஒரு கம்பியால் பெயிண்டைச் சுரண்டினார். உள்ளே சட்டம் விரல்நீளத்துக்குப் பிளந்திருந்தது.

"தண்ணி இங்க வருது. நீ எத்தினி ரப்பர் போட்டாலும் நிக்காது. வண்டி ஆடசொல்ல இது வாயத் தொறக்குது பாரு."

பெரியவர் முட்டிபோட்டு உட்கார்ந்து அந்தப் பிளவைப் பார்த்தார். "இத நான் பாக்காம வுட்டுட்டனே" என்றார். கண்ணாடி அந்த மூலையில் ஏற்கெனவே இறுகிப்போய்த்தான் இருந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். அது எனக்காகச் சொன்னது. அந்த மூலையில் காலை வைத்தது நான்தான் என்பது அதனால் மாறிவிடாது. ஆனாலும் அன்று மத்தியானம்தான் எனக்குச் சோறு ருசித்தது.

கார் ஒரு வாரம் காத்திவாக்கத்தில் போட்டுகளுக்கு நடுவே நின்றது. போட்டுக்காரர் பிளவை அறுத்தெடுத்துவிட்டு மூன்று அடுக்கு பைபர் போட்டு ஒட்டினார். உடைந்த கண்ணாடியின்மேல் மெழுகு தடவி அச்சும் எடுத்துக்கொடுத்தார். வெளிர் பச்சையில் ஒரு தோணியின் பாதிபோல இருந்தது. அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமை நான் பைக் ஓட்ட, மச்சான் பின்னால் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தான். திருவொற்றியூரிலிருந்து மணலி வரை பழைய வண்டி உடைக்கிற இடமெல்லாம் போனோம். சிக்னலில் ஒருவர், "இன்னாண்ணா அது, ஆமை ஓடா?" என்று கேட்டார். மச்சான் ஆமாம் என்று சொல்லிவிட்டான்.

கிடைத்த கண்ணாடியின்மேலெல்லாம் அச்சைக் கவிழ்த்து, ஓரத்தில் தீக்குச்சியை நுழைத்துப் பார்ப்போம். குச்சி நுழைந்தால் வளைவு சேரவில்லை என்று அர்த்தம். மூன்றாவது ஞாயிறு மணலியில் ஒரு பழைய ஸ்கூல் வேனின் கண்ணாடியில் குச்சி எங்கேயும் நுழையவில்லை, வலது ஓரத்தைத் தவிர. அங்கேயும் பாதிக் குச்சிதான். அதே மாதிரி வேன் அங்கே இரண்டு நின்றது. இரண்டு கண்ணாடியையும், இந்த முறை ரப்பரை வெளியிலிருந்து முழுவதும் அறுத்தே எடுத்தேன்.

வெட்டுகிற அன்று பெரியவரும் வந்தார். கூடவே அவர் மனைவியும் ஆட்டோவில் வந்து இறங்கினார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார், "ஒடைச்சது நீதானாப்பா?"

"ஆமாம்மா."

"நல்லதாப் போச்சு, இனிமே கோயிலுக்கு ஆட்டோல போலாம்னு நெனச்சேன். இவரு வுடல."

பெரியவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடிகள், நடுவே ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் படலம். மேலே கீறி, கீழிருந்து தட்டி, கோட்டின்படி விரிசலை ஓட்ட வேண்டும். திருப்பிப்போட்டு அடுத்த பக்கமும் அப்படியே. பிறகு கோட்டின்மேல் ஸ்பிரிட்டை ஊற்றிப் பற்றவைத்தால் படலம் இளகும். கண்ணாடியை லேசாக மடக்கி, பிளேடை நுழைத்து அறுத்துவிடலாம். கேட்கச் சுலபம். முதல் கண்ணாடியில் மூன்று பக்கம் ஒழுங்காக வந்தது. நாலாவது பக்கத்தில் படலம் இளகுவதற்கு முன்பே நான் மடக்கினேன். விரிசல் கோட்டைவிட்டு விலகி நடுவே ஓடியது.

அந்த அம்மா, "இன்னொண்ணு இருக்கில்ல?" என்று கேட்டார்.

"இருக்கும்மா."

"அப்ப சாப்ட்டுட்டு வெட்டு. பசில வெட்டாத."

கையோடு கொண்டுவந்திருந்த டிபன் பாக்ஸைத் திறந்தார். வஞ்சிர மீன் குழம்பும் சோறும். கடைக்குள்ளேயே தரையில் பேப்பர் விரித்து நாலு பேரும் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்ததும் பெரியவர் சொன்னார், "நெருப்ப நான் பாத்துக்கறேன் தம்பி. நீ கண்ணாடிய மட்டும் பாரு. நான் சொல்றவரைக்கும் மடக்காத."

இரண்டாவது கண்ணாடியில் அப்படித்தான் செய்தோம். அவர் ஸ்பிரிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பற்றவைத்தார். ஃபேனை நிறுத்தியிருந்தோம், வியர்வை கண்ணில் இறங்கியது. "இல்ல... இல்ல... இப்ப" என்றார். மச்சான் பிளேடை நுழைத்தான். நாலாவது பக்கமும் வந்துவிட்டது. கடைசித் துண்டு என் கையோடு வந்தது. மச்சான் வெளியே போய் நின்றுகொண்டான். ஓரங்களைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து முடிக்கவே பொழுது சாய்ந்துவிட்டது.

மறுநாள் பொருத்தினோம். புது ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, ரப்பரின் பள்ளத்தில் ஒரு கயிற்றை ஓட்டி, சோப்புத் தண்ணீர் தடவி, சட்டத்தின்மேல் வைத்தோம். மச்சானும் பெரியவரும் வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்த, நான் உள்ளே உட்கார்ந்து கயிற்றை அங்குலம் அங்குலமாக இழுத்தேன். கயிறு வர வர ரப்பரின் உதடு சட்டத்தைத் தாண்டி உள்ளே வந்து கவ்விக்கொண்டது. வலது ஓரத்தில் மட்டும் கண்ணாடி கொஞ்சம் தூக்கி நின்றது. அங்கே கறுப்புப் பசை வைத்து அடைத்தேன். உற்றுப் பார்த்தால் தெரியும்.

அந்த அம்மா, தானே உட்கார்ந்து பார்த்தால்தான் நம்புவேன் என்று இடதுபக்க சீட்டில் போய் உட்கார்ந்தார். மச்சான் ஓஸ் பைப்பைத் திறந்து கண்ணாடிமேல் பத்து நிமிடம் தண்ணீர் அடித்தான். அவர் மடியில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஜன்னல் வழியே, "போதும், நிறுத்து. தண்ணிக்குக் கஷ்டப்படற ஊரு" என்றார். சேலை காய்ந்தே இருந்தது.

வலது ஓரத்தில் பார்த்தால் எதிரே வருகிற வண்டி ஒருகணம் நீண்டு தெரியும். அதைப் பெரியவரிடம் நானே சொன்னேன். "பாத்தேன்" என்றார். "அங்க பாத்து யாரு ஓட்டப்போறா?"

இரண்டு மாதம் கழித்து மழையில் வந்தார். உள்ளே ஒரு சொட்டு இல்லை. ஆனால் பழைய வைப்பர் புது வளைவில் வலது ஓரம்வரை ஒட்டவில்லை, கடைசியில் தூக்கிக்கொள்கிறது. ஆட்டோ வைப்பரின் கையைக் கொஞ்சம் வளைத்துப் போட்டுப் பார்த்தோம். முன்னைக்குப் பரவாயில்லை. இன்னமும் இரண்டு விரல் அகலத்துக்கு அங்கே துடைபடாமல் இருக்கிறது. ஒரு நல்ல வைப்பர் கிடைக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.